சீட்டியடிக்கத் தெரியாதவன்

மண்ணரை, திருப்பூர்
20.8.2023

மாமாவுக்கு அன்புசெல்வி எழுதிக்கொண்டது.

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், இல்லையென்று எழுதினால் தூங்கமாட்டீர்கள். வேளைக்குச் சாப்பிடுகிறேன், கம்பெனிக்குப் போகிறேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெயில் ஃபோனில் பேசினால் உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களின் இருமல்தான் அதிகம் கேட்கிறது. நேரில் வந்தாலோ, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லாருடைய பெண்டாட்டிகளும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். என்ன சொல்ல வந்தேன் என்பது திரும்பி வரும் பஸ்ஸில்தான் ஞாபகம் வருகிறது. அதனால் இனிக் கடிதம். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்தக் குறையும் தீரட்டும்.

வக்கீல் மைதிலி மேடத்தைப் பார்த்தேன். சின்ன வயசுதான். ஆனால் கேட்கிற கேள்வி ஊசி மாதிரி இருக்கிறது. "அன்னிக்கு நடந்தத மனசுல அப்படியே வெச்சிருங்க அன்புசெல்வி, கோர்ட்டுல கேப்பாங்க" என்றார். மறக்கவா போகிறேன்? ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காய்ச்சல், சர்ச்சுக்குப் போகவில்லை. நீங்கள் மாத்திரை கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தீர்கள். நான் தூங்கினேன். விழித்தபோது கோழிக் குழம்பு வாசம். நீங்கள் அடுப்படியில் நின்றீர்கள். அந்த நேரத்தில்தான் உங்கள் பனியன் கம்பெனி மேனேஜர் தனபால் சரக்கு லிப்டின் குழிக்குள் விழுந்து செத்துக் கிடந்திருக்கிறார். போலீசிலும் இதைத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் வாசலைத் தாண்டவில்லை.

முந்தின நாள் நீங்கள் தனபாலிடம் அப்படிப் பேசாமல் இருந்திருக்கலாம். கழுத்து அளவைத் தப்பாக வெட்டியது நீங்கள்தான் என்று பழி போட்டார், சரி. அதற்காகக் கட்டிங் செக்ஷன் முழுக்கக் கேட்க, "இந்த லிப்டுக்குள்ளயே உங்களப் போட்டு மூடோணுங்க" என்பதா? திட்டும்போதுகூட 'ங்க' போட்ட ஆள் உலகத்திலேயே நீங்கள்தான். அந்த ஒரு பேச்சுதான் உங்களை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது.

நம் லைன் வீட்டு வரிசையில் கடைசி வீட்டுப் பழனாத்தாள் அக்கா, முந்தின நாள் வேலைக்குப் போனபோது மறந்துவிட்ட டிபன் கேரியரை எடுக்க அன்றைக்குக் கம்பெனிக்குப் போயிருக்கிறார். லிப்ட் கதவோரம் ஓர் ஆணின் முதுகைத் தூரத்திலிருந்து பார்த்தேன், யாரென்று தெரியாது என்று போலீசில் சொன்னாராம். வேறு சாட்சி யாரும் இல்லை. அதனால் சீக்கிரம் வந்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள்
செல்வி


மத்திய சிறை, கோவை
3.9.2023

செல்விக்கு,

உன் கடிதத்தை இங்கே படித்துப் பார்த்து, ஓரத்தில் முத்திரை குத்திய பிறகுதான் எனக்குக் கொடுத்தார்கள். இனிமேல் நாம் சண்டை போட்டாலும் சர்க்கார் அனுமதியோடுதான்.

பயப்படாதே. சோறு பரவாயில்லை. பக்கத்து ஆட்களுக்கெல்லாம் பட்டன் தைத்துக் கொடுக்கிறேன். கத்தரி தரமாட்டார்கள், நூலைப் பல்லால் கடிக்கிறேன்.

தனபாலை எனக்குப் பிடிக்காது. அது உனக்குத் தெரியும். ஆனால் அவர் இறந்த செய்தி கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது, அவர் டீ குடிக்கும்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது. குழந்தை மாதிரி. ஏன் அது ஞாபகம் வரவேண்டும்?

பழனாத்தாள் அக்காவைப் பார்த்தால் நான் கும்பிட்டதாகச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மனசு வேண்டும்.

டேனியல்


மண்ணரை
15.10.2023

மாமாவுக்கு,

கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்ல முடியவில்லை. ஏனென்று எழுதுகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

'நேர்சாட்சி' என்று ஒரு வாரப் பத்திரிகை. பஸ் ஸ்டாண்டில் தொங்குமே, அதுதான். அதன் நிருபர் முனீஸ் போன மாதம் முழுக்க நம் லைனில்தான் சுற்றிக்கொண்டிருந்தார். தென்பக்கத்து ஆள், தேன் மாதிரிப் பேச்சு. நம் வீட்டுக்கும் வந்தார். "யக்கா, ஒங்க பக்கத்துக் கதைய எங்களுக்கு மட்டும் சொல்லுங்க. சும்மா வேண்டாம், பாத்துச் செய்வோம்" என்றார். கதை ஒன்றும் இல்லீங்க, என் வீட்டுக்காரர் வெங்காயம் உரித்தார், அவ்வளவுதான் என்றேன். சிரித்தார். "அதுல ஒண்ணுமே இல்லையேக்கா" என்று சொல்லிவிட்டுக் கடைசி வீட்டுக்குப் போனார்.

இந்த வாரம் புத்தகம் வந்திருக்கிறது. அட்டையில் பழனாத்தாள் அக்கா, புதுச் சேலையில். 'நான் பார்த்தேன்' என்று தலைப்பு. அக்கா தன் வாயாலேயே சொல்வது போல் எழுதியிருக்கிறார்கள். லிப்ட் கதவோரம் ஒருவன் நின்றானாம். குழிக்குள் எட்டிப் பார்த்தபடி சீட்டியடித்தானாம். பிறகு சீட்டியை நிறுத்தாமலே மெல்லத் திரும்பினானாம். அது டேனியலாம்.

எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்தது. உங்களுக்குத்தான் சீட்டியே வராதே! கல்யாணமான புதிதில் எனக்கு அடித்துக் காட்டுகிறேன் என்று உதட்டைக் குவித்து ஊதினீர்கள். எச்சில்தான் தெறித்தது.

அக்காவின் மகள் அனுப்பிரியாவை நர்சிங் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். போலீசும் அக்காவை மறுபடி கூப்பிட்டு விசாரித்திருக்கிறது. புத்தகத்தில் இருப்பதை அப்படியே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

செல்வி


மத்திய சிறை, கோவை
30.10.2023

செல்விக்கு,

புத்தகம் இங்கேயும் வந்துவிட்டது. அந்தோணிராஜ் என்று ஒரு பெரியவர், நன்றாக வாசிப்பார். சாயங்காலம் எல்லாரையும் உட்காரவைத்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். எனக்கே அடுத்து என்ன ஆகும் என்று கேட்க ஆசையாக இருந்தது. முடித்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் கோபமாகப் பார்க்கவில்லை. சினிமாக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

"அடிச்சுக் காட்டுங்க தம்பி" என்றார் பெரியவர். வராதுங்க என்றேன். யாரும் நம்பவில்லை. இப்போது என் பெயர் இங்கே டேனியல் இல்லை. 'சீட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உன் காய்ச்சல் திரும்ப வரவில்லையே?

டேனியல்


மண்ணரை
10.12.2023

மாமாவுக்கு,

ஜாமீன் மறுபடி கிடைக்கவில்லை. சாட்சி அதே லைனில் குடியிருக்கிறார், பயமுறுத்துவீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். மைதிலி மேடம் கோர்ட் வாசலிலேயே அந்தப் பத்திரிகையைக் கிழித்துப் போட்டார். பிறகு குனிந்து பொறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார், ஆதாரம் வேண்டுமே.

பத்திரிகைக்காரர் இப்படிக் காசு கொடுக்கலாமா, தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்டேன். "பொய் சாட்சி சொல்லக் காசு குடுத்தாக் குத்தம். 'உங்க கதையச் சொல்லுங்க'ன்னு காசு குடுத்தா? நேரா அதத் தடுக்கற சட்டம் நம்மகிட்ட இல்லீங்க. அந்த இடுக்குலதான் இவங்க குடியிருக்காங்க. கோர்ட் அவமதிப்புன்னு போகலாம், ஆனா காசு கைமாறுனத நாம நிரூபிக்கோணும். பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாம், அவங்க கண்டிப்பாங்க. தண்டிக்க முடியாது" என்றார்.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

கரண்ட் போனால் நம் பக்கம் எப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லா மிஷினும் ஒரே மூச்சில் நிற்கும். ஜெனரேட்டர் போடும் வரைக்கும் ஊரே செத்த மாதிரி ஒரு அமைதி. போன வாரம் பட்டப்பகலில் அப்படி நின்றது. தண்ணீர்க் குழாயடியில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி விரலைத் தூக்கி, "கேக்குதா?" என்றாள். எல்லாரும் கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினார்கள். கம்பெனிப் பக்கமிருந்து சீட்டிச் சத்தம் வருகிறதாம். அயர்ன் கடைக்காரர் சொல்கிறார், அந்த ஞாயிற்றுக்கிழமையே தான் கேட்டதாக. அவர் கடைக்கும் கம்பெனிக்கும் நடுவே எத்தனை தெரு! இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்றேன். "இப்பத்தானுங்க நாபகம் வருது" என்றார். மாமா, அவருக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

செல்வி


மத்திய சிறை, கோவை
7.1.2024

செல்விக்கு,

கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தார்கள். உனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்தேன், எறும்பு வந்துவிட்டது.

உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்றுக் காலையில் குளிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரோ அழகாகச் சீட்டியடித்தார்கள். கீர்த்தனை மெட்டு, நம் சர்ச்சில் பாடுவது. யாரென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. வாளி நிரம்பி வழிந்தது. தண்ணீரில் என் முகம், உதடு குவிந்திருந்தது.

எனக்குச் சீட்டி வந்துவிட்டது செல்வி.

நிறுத்திவிட்டு மறுபடி முயற்சி செய்தேன். வந்தது. கற்றுக்கொண்ட மாதிரி இல்லை. எப்போதும் தெரிந்திருந்த மாதிரி இருந்தது. பெரியவர் அந்தோணிராஜ் தூரத்திலிருந்து தலையை ஆட்டினார், நான் சொன்னேனே என்பது போல.

இப்போதெல்லாம் இங்கே கடிதத்தைப் படிக்காமலே முத்திரை குத்துகிறார்கள். இதை மைதிலி மேடத்திடம் சொல்லவேண்டாம்.

டேனியல்


மண்ணரை
18.3.2024

மாமாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் கடைசிக் கடிதத்தைப் பீரோவில் வைத்தேன். பிறகு எடுத்து அரிசி டப்பாவில் வைத்தேன். கடைசியில் வீட்டுக்கு வெளியே, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சொருகிவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள்.

நேற்று மத்தியானம் பழனாத்தாள் அக்கா வந்தார். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் பாதியாகியிருக்கிறார்.

"கோவிச்சுக்காத கண்ணு. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். நான் நெசமாலுமே பாத்தனா?"

என்னிடம் கேட்கிறார் மாமா! நான் என்ன சொல்ல? பார்த்தது நீங்கள்தானே அக்கா என்றேன்.

"காசு வாங்கறப்ப பொய்யின்னு தெரிஞ்சுதான் வாங்குனன். அந்த முனீஸ் தம்பி எழுதிக் கொண்டாந்து வாசிச்சுக் காட்டுச்சு. ஆமாங்க, ஆமாங்கன்னு தலையாட்டுனன். எனக்குத் தெரிஞ்சது ஒரு முதுகு. அவ்வளவுதேன். இப்ப கண்ண மூடுனா அந்த முதுகு மெல்லத் திரும்புது செல்வி. உன்ற ஊட்டுக்காரரு மூஞ்சி. என்னப் பாத்துச் சிரிக்குது. இது அந்தத் தம்பி எழுதுனதா, நான் பாத்ததா? எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல."

கோர்ட்டில் முதுகைத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"சொன்னா மீதிக் காசு வராது. தண்டனை ஆனாத்தேன் கதைக்கு வெலையாமா. புள்ளையப் பாதிப் படிப்புல நிறுத்தவா?" என்று அழுதார்.

மைதிலி மேடத்திடம் உடனே ஓடினேன். அவர் எழுந்தே விட்டார். "தண்டனை ஆனா மீதியா? அந்த வார்த்தையவே சொன்னாங்களா? இனி அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க. நீங்க பேசினா நாம சாட்சிய வளைக்கறோம்னு ஆயிரும். நான் கூண்டுல வெச்சுக் கேட்டுக்கறேன்" என்றார். நல்ல சேதி, சந்தோஷப்படுங்கள்.

ஆனால் நான் வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போது கரண்ட் போனது. மிஷின்களெல்லாம் நின்றன. எனக்கும் கேட்டது மாமா. கம்பெனிப் பக்கமிருந்து இல்லை. கோவைப் பக்கமிருந்து, வெகு தூரத்திலிருந்து, கீர்த்தனை மெட்டு.

நீங்கள் அங்கே சீட்டியடிக்கிறீர்களா? அடிக்காதீர்கள்.

செல்வி


மத்திய சிறை, கோவை
2.4.2024

செல்வி,

நான் நிறுத்தி ஒரு மாதமாகிறது. அதனால் நீ கேட்டது நானில்லை.

எனக்கு ஓர் உதவி செய். அந்த ஞாயிற்றுக்கிழமையை மறுபடி எனக்கு எழுது, ஆரம்பத்திலிருந்து. வெங்காயம் உரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, கண் எரிந்தது. குழம்பு வைத்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் நடுவே லிப்டின் கம்பிக் கதவு வருகிறது. இரும்பின் சில்லிப்பு உள்ளங்கையில் இருக்கிறது. கீழே இருட்டில் ஒரு டம்ளர் உருளுகிறது. புத்தகத்தில் டம்ளர் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். பிறகு அது எங்கிருந்து வந்தது?

நான் எழுந்து எங்கும் போகவில்லையே? நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? ஒரு வரி எழுது போதும்.

டேனியல்


மத்திய சிறை, கோவை
14.2.2025

செல்விக்கு,

அந்த ஒரு வரி வரவே இல்லை. நேரில் வரும்போதெல்லாம் புளி விலை, வாடகை, சர்ச் விசேஷம் எல்லாம் சொன்னாய். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். இன்று எழுதுவது வேறு.

நீ நம் தரப்புச் சாட்சி என்பதால் நேற்றுக் கோர்ட்டுக்குள் உன்னை விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நீ நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. உள்ளே நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும்.

பழனாத்தாள் அக்கா கூண்டில் ஏறினார். மைதிலி மேடம் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க பாத்தது முதுகா, மூஞ்சியாங்க?"

"முதுகுங்க. அப்புறம் மூஞ்சி."

"எப்பங்க அப்புறம்?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புஸ்தகத்துல வந்ததுக்கப்புறம்ங்க" என்றார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அதன் பிறகு எல்லாம் தானாக வந்தது. முன்பணம் வாங்கியது, மீதி தண்டனைக்குப் பிறகு என்று பேசியது, முனீஸ் எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டியது. அரசு வக்கீலே உட்கார்ந்துவிட்டார். முனீஸ் கடைசி பெஞ்சில் இருந்தார். எழுந்து போகவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். அதையும் போடுவார் போல.

அடுத்து லிப்ட் மெக்கானிக் சிவராஜ். மேடம் எங்கேயோ கேரளாவிலிருந்து தேடிக் கூட்டி வந்திருக்கிறார். கம்பிக் கதவின் கொக்கி தேய்ந்து, லிப்ட் மேலே இல்லாதபோதும் கதவு திறந்துகொள்ளும், முதலாளி வெள்ளியங்கிரியிடம் முன்பே சொன்னேன், ஷிப்மென்ட் முடியட்டும் என்றார் என்று சொன்னார். அக்கா பார்த்த முதுகு தனபாலுடையதாகத்தான் இருக்கும் என்றார் மேடம். லீவு நாளில் தனியாகச் சரக்கு இறக்கப் போய், கதவைத் திறந்து, லிப்ட் இருப்பதாக நினைத்துக் காலை வைத்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. கொக்கியின் கதையை வாங்க எந்தப் பத்திரிகையும் வரவில்லை.

உன்னைக் கூண்டில் ஏற்றத் தேவையில்லை என்று மேடம் சொல்லிவிட்டார். நான் வந்துவிடுவேன் செல்வி.

டேனியல்


மண்ணரை
2.3.2025

மாமாவுக்கு,

மேடம் என்னிடமும் சொன்னார். என்னைக் கேட்கமாட்டார்கள் என்றதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த நிம்மதியை நினைத்துக் குளிரெடுத்தது. உண்மை தெரிந்தவள் எதற்குக் கேள்விக்குப் பயப்படவேண்டும்?

நீங்கள் கேட்ட ஒரு வரியை நான் பல தடவை எழுத உட்கார்ந்தேன். 'நீங்கள் எங்கும் போகவில்லை' என்று எழுதினேன். எழுதியதும் அந்த வரிக்குக் கீழே படம் ஓடும். நான் படுத்திருக்கிறேன், நீங்கள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு மெல்ல எழுகிறீர்கள், கதவு திறக்கிறது, வெயில் உள்ளே விழுகிறது. தூங்குகிறவள் இதை எப்படிப் பார்த்திருக்க முடியும்? நான் பார்க்கவில்லை என்று அறிவு சொல்கிறது. ஆனால் வெயில் விழுந்த இடம் எனக்குத் தெரிகிறது மாமா. தரையில் கைவைத்துக் காட்டுவேன்.

கொக்கி தேய்ந்திருந்ததையும் நம்புகிறேன். இதையும் பார்க்கிறேன். இரண்டும் எனக்குள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். சீக்கிரம் வாருங்கள்.

செல்வி


மூலனூர்
29.6.2025

செல்விக்கு,

சொல்லாமல் வந்ததற்கு மன்னித்துக்கொள். பீரோவில் வைத்திருந்த பணத்தைத் தொடவில்லை, பார்த்திருப்பாய்.

விடுதலையாகி வந்தவனை நீ நன்றாகத்தான் வைத்துக்கொண்டாய். கோழிக் குழம்பு வைத்தாய். நான் சாப்பிடும்போது நீ சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். அதுகூடப் பரவாயில்லை. நான் கிளம்பி வந்த அன்று காலையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். லைன் முழுக்கச் சத்தம் நின்றது. குழாயடியில் குடம் நிரம்பி வழிகிறது, யாரும் மூடவில்லை. கரண்ட் இருந்தது, மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மனுஷச் சத்தம் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் என் உதடு குவிந்திருக்கிறது. உனக்குப் பின்னால் கதவு இருந்தது. நீ அதன் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தாய். ஓடுவதற்காகத்தான் பிடித்திருந்தாய் என்று உனக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது.

இங்கே முருங்கைக்காய் மண்டியில் கட்டு கட்டி லாரியில் ஏற்றுகிறேன். பெயர் கேட்டார்கள். என் வாயில் கன்னையன் என்று வந்தது. யார் பெயரோ. நீ எழுதினால் அந்தப் பெயருக்கு எழுது.

போன வாரம் லாரிக்குக் காத்திருந்தபோது கூட வேலை செய்கிற ஒருவர் கதை சொன்னார். திருப்பூர் லிப்ட் கொலை. நான் யாரென்று தெரியாமல் என்னிடமே. நன்றாகச் சொன்னார் செல்வி. முதுகு மெல்லத் திரும்புவதை எழுந்து நின்று செய்து காட்டினார். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டோம்.

"அப்புறம் அவன் என்னங்க ஆனான்?" என்று கேட்டேன்.

"அவனயா? தூக்குல போட்டாச்சுங்க."

"பொண்டாட்டி ஒருத்தி இருந்தாளாமே?"

"அதுவும் அன்னிக்கே மருந்தக் குடிச்சுப் போயிருச்சுங்க. பாவம், நல்ல புள்ளையாமா."

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். அன்றைக்குத்தான் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அசந்து தூங்கினேன். செத்தவனுக்குக் கேள்வி இல்லை. நீயும் அந்தப் பழைய செல்வியைச் செத்தவளாகவே நினைத்துக்கொண்டு, உனக்கென்று ஒரு வாழ்க்கையைப் பார்த்துக்கொள். எனக்குக் கோபமில்லை. உண்மையாகவே இல்லை.

கன்னையன்


மண்ணரை
6.7.2025

மாமாவுக்கு,

உறையில் கன்னையன் என்று எழுதிவிட்டேன். தபால்காரருக்காக எழுதினேன். உள்ளே எழுதமாட்டேன்.

உங்கள் கடிதத்தை மீட்டர் பெட்டிக்குப் பின்னால் வைக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, ஆனால் பயமும் வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னை மருந்து குடிக்கவைக்க அந்த ஆள் யார்?

முனீஸ் மறுபடி வந்தார். நீங்கள் காணாமல் போனது எப்படியோ தெரிந்திருக்கிறது. "விடுதலையானவரு எங்க போனாரு? ஒங்களுக்கு அவருகூட இருக்கப் பயமா இருந்துச்சா? அத மட்டும் சொல்லுங்கக்கா, மிச்சத்த நாங்க பாத்துக்கிடுவோம்" என்றார். முன்பைவிடப் பெரிய தொகை. அந்தக் கணம் என் வாய்க்குள் எல்லாம் தயாராக இருந்தது மாமா. வெயில், கதவு, நீங்கள் எழுந்தது, எல்லாம். வரிசையாக, அழகாக. சொல்லியிருந்தால் நானே நம்பியிருப்பேன். பழனாத்தாள் அக்காவுக்கு என்ன ஆனது என்று அப்போதுதான் புரிந்தது. கோர்ட்டிலிருந்து வந்த நாள் முதல் அவர் யாரோடும் பேசுவதில்லை. வாசலில் உட்கார்ந்து போகிற ஆண்களின் முதுகையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நான் தூங்கிட்டு இருந்தனுங்க. எனக்குத் தெரியாதுங்க" என்றேன் முனீஸிடம்.

"அதுல ஒண்ணுமே இல்லையேக்கா" என்றார், மறுபடியும்.

"ஆமாங்க, ஒண்ணுமே இல்லைங்க. எழுதிக்குங்க" என்றேன். கதவைச் சாத்தினேன்.

மைதிலி மேடத்தின் புகாருக்குப் பிரஸ் கவுன்சில் பத்திரிகையைக் கண்டித்திருக்கிறது. 'நேர்சாட்சி' ராசிபலனுக்குக் கீழே 'வருந்துகிறோம்' என்று விரல் அகலத்துக்குப் போட்டிருக்கிறது. லைனில் யாரும் படிக்கவில்லை. நான் குழாயடியில் நின்று சத்தமாகப் படித்தேன். ஒருத்தி மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கோர்ட் அவமதிப்பு வழக்கும் போடப்போகிறார் மேடம். வருஷக்கணக்கில் ஆகுமாம். ஆகட்டும்.

நீங்கள் கேட்ட ஒரு வரி இது. நான் தூங்கினேன், எதையும் பார்க்கவில்லை. வெயில் விழுந்த இடம் இன்னும் தெரிகிறது, தெரிந்துவிட்டுப் போகட்டும். அது நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மூலனூர் வருகிறேன். மண்டி கூடுகிற நாளாம், நல்ல கூட்டம் இருக்கும். எனக்கு உங்களைத் தேட வழி தெரியாது. யாரிடமும் கன்னையன் என்று கேட்கவும் மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. சர்ச்சில் பாஸ்டர் கேட்டபோதுகூட அம்மாதான் பக்கத்திலிருந்து சொன்னார். அன்றைக்கு மண்டி நடுவில் நின்றுகொண்டு அதைச் சத்தம் போட்டுக் கூப்பிடப் போகிறேன். எல்லாரும் பார்ப்பார்கள். லிப்ட் கதை சொன்ன ஆளும் பார்க்கட்டும்.

உங்கள் முதுகு எனக்குத் தெரியும். கூப்பிட்டதும் திரும்பிவிடுங்கள்.

அன்புசெல்வி டேனியல்